கடுவனின் பருவம்: காலமும் கூட்டமும்

1. முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர், பள்ளி மாணவர்க்கான அறிவியல் துணைநூல் ஒன்றின் கையெழுத்துப்படி மொழித் திருத்தத்திற்காக என்னிடம் வந்தது. விலங்குகளின் நடத்தையை விளக்கும் பகுதியில் ஒரு வாக்கியம் இருந்தது: “ஆண் குரங்கின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் கூடுவதால் அது கூட்டத்திற்கு தலைமை தாங்குகிறது.” ‘கூட்டத்திற்குத் தலைமை’ என்று ஒற்று மிகுவித்துத் திருத்தினேன். எழுவாயும் பயனிலையும் இயைந்திருந்தன, வேற்றுமையில் வழுவில்லை. ஒப்பமிட்டு அனுப்பிவிட்டேன்.

நூல் வெளிவந்த சில வாரங்களில் அறிவியல் ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, இந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டாலும் இலக்கணம் சரியாகத்தானே இருக்கும்? தலைமை தாங்குவதால் டெஸ்டோஸ்டிரோன் கூடுகிறது என்று எழுதினால் என்ன?” என்று கேட்டார். நான் விடையின்றி நின்றேன். ‘ஆல்’ என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு ஏதுப்பொருளையும் உணர்த்தும் என்று முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்தவன் நான். அவ்வுருபு எந்தச் சொல்லில் வந்து அமர வேண்டும் என்பதை இலக்கணம் முடிவு செய்வதில்லை, சான்றே முடிவு செய்கிறது என்பதை அன்றுதான் தெளிவாக உணர்ந்தேன்.

அந்த ஆசிரியையின் வினாவுக்கு விடை தேடிப் படிக்கத் தொடங்கியபோது, குரங்குகளின் பருவச் சுழற்சி பற்றிய ஆய்வுகள் என்னை வெகுவாக ஈர்த்தன. ஆண் குரங்கின் உடல் ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. அம்மாற்றத்தைக் கொணர்வது காலமா, கூட்டமா? இவ்வினாவை ஆய்வாளர்கள் எவ்வாறு படிப்படியாக அவிழ்த்தனர் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பெயரும் பொருளும்

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆண் குரங்கைக் ‘கடுவன்’ என்றும் பெண் குரங்கை ‘மந்தி’ என்றும் தமிழ் வழங்குகிறது. தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் தொகுத்துரைக்கும்போது இவ்விரு பெயர்களும் அங்கு இடம்பெறுகின்றன. இன்றைய அறிவியல் எழுத்துக்கும் இவை பொருத்தமான, சுருக்கமான சொற்கள் ஆதலின் அவற்றையே இங்குக் கையாள்கிறேன்.

‘ஹார்மோன்’ என்பதனை ‘இயக்குநீர்’ என்று கலைச்சொல்லாக்கம் செய்துள்ளனர். சுரப்பிகளில் தோன்றிக் குருதியில் கலந்து, தொலைவிலுள்ள உறுப்புகளை இயக்கும் வேதிப்பொருள் என்பது அதன் கருத்து. ஆண்களின் விந்தகம் மிகுதியாகச் சுரக்கும் இயக்குநீர் டெஸ்டோஸ்டிரோன் ஆகும். பெண்களின் சூலகம் சுரப்பவற்றுள் ஒன்று ஈஸ்ட்ரோஜன். ‘இயக்குநீர்’ என்னும் சொல்லிலேயே ஒரு சாய்வு இருப்பதைக் கவனிக்க வேண்டும். அது இயக்குவது; உடல் இயங்குவது. இயக்கும் அந்நீரையும் வேறொன்று இயக்கக்கூடும் என்ற எண்ணத்திற்கு அச்சொல் இடந்தருவதில்லை.

இக்கட்டுரையில் முதன்மையாகப் பேசப்படுவது செம்முகக் குரங்கு. அறிவியல் நூல்கள் இதனை ரீசஸ் குரங்கு என்னும். குருதி வகையைக் குறிக்கும்போது நாம் கூறும் ‘ஆர்எச்’ என்ற எழுத்துகள் இக்குரங்கின் பெயரிலிருந்து வந்தவையே. வட இந்தியாவின் ஊர்களிலும் கோயில்களிலும் தொடர்வண்டி நிலையங்களிலும் இதனைப் பரவலாகக் காணலாம். ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் இணைசேரும் இயல்புடையது இவ்வினம்.

3. ஆண்டின் சுழற்சி

வட இந்தியாவில் செம்முகக் குரங்குகள் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இணைசேர்கின்றன. கருக்காலம் ஏறத்தாழ 165 நாள். எனவே குட்டிகள் மார்ச்சு முதல் மே, ஜூன் வரையிலான மாதங்களில் பிறக்கின்றன. பாலூட்டும் காலமே தாய்க்கு மிகுந்த உணவு தேவைப்படும் காலம். அதன் சுமையைத் தாங்க ஏற்ற பருவத்தில் குட்டி பிறத்தல் நலம். இணைசேரும் மாதங்கள் அதற்கேற்பப் பின்னோக்கிக் கணக்கிட்டாற்போல் அமைந்துள்ளன. ஆகவே, பருவ இனப்பெருக்கத்தின் அடிப்படைத் தேவை தாயின் பக்கமே உள்ளது எனலாம்.

கடுவனின் உடல் இத்தேவையை எவ்வாறு பின்பற்றுகிறது என்பது நெடுநாள் அறியப்படாமல் இருந்தது. அதனை அறிய உதவிய இடம் கரிபியக் கடலில் உள்ளது. அமெரிக்க விலங்கியல் ஆய்வாளர் கிளாரன்ஸ் ரே கார்பென்டர் 1938ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து செம்முகக் குரங்குகளைக் கப்பலில் கொண்டுசென்று, புவெர்ட்டோ ரிக்கோவின் கிழக்குக் கரையை அடுத்த காயோ சாந்தியாகோ என்னும் தீவில் விட்டார். விடப்பட்டவை 409, தீவின் பரப்பு ஏறத்தாழ 15 ஹெக்டர். 1956இல் ஸ்டுவர்ட் ஆல்ட்மன் ஒவ்வொரு குரங்கிற்கும் பச்சை குத்தி அடையாளமிடத் தொடங்கினார். அதன் பின்னர் இன்னது இன்னதன் குட்டி என்ற வழிமுறைப் பதிவு அங்கு வளர்ந்தது. கூண்டில் அடைபடாமல் கூட்டமாக வாழும் விலங்கை ஆண்டுக்கணக்கில் தனித்தனியே அறிந்து நோக்கும் வாய்ப்பு அவ்வாறு கிட்டியது.

அங்கு டொனால்ட் சேட் 1964இல் வெளியிட்ட ஆய்வு, கடுவன்களின் விந்தகங்கள் ஆண்டுதோறும் பெருத்துச் சிறுக்கின்றன என்று காட்டியது. மறு ஆண்டில் கிளின்டன் கானவேயும் சேடும் இணைந்து, குட்டிகள் பிறக்கும் பருவத்தில் விந்தணு உருவாக்கமே தளர்ந்துவிடுகிறது என்று நிறுவினர். இணைசேரும் பருவம் நெருங்கும்போது விந்தகம் மீண்டும் பெருக்கிறது. குருதியில் டெஸ்டோஸ்டிரோன் உயர்கிறது. முகத்தோலும் பின்புறத் தோலும் சிவக்கின்றன. சண்டைகளும் காயங்களும் மிகுகின்றன. டொனால்ட் லிண்ட்பர்க் வட இந்தியாவின் டேராடூன் அருகே காட்டுக் குரங்குகளை நோக்கி, 1969இல் மற்றொன்றையும் எழுதினார். இணைசேரும் பருவத்தில் கடுவன்கள் தம் கூட்டத்தை விட்டு வேறு கூட்டங்களை நாடிச் செல்வது மிகுகிறது என்பதே அது.

தோலின் சிவப்பு ஆய்வாளர்களுக்குப் பெருந்துணையாயிற்று. ஜான் வாண்டன்பர்க் 1965இல் இதனை ஆராய்ந்தார். விந்தகம் நீக்கப்பட்ட கடுவனின் தோல் வெளிறியது. டெஸ்டோஸ்டிரோனைச் செலுத்தியபோது மீண்டும் சிவந்தது. எனவே ஊசி போட்டுக் குருதி எடுக்காமலேயே, தோலின் நிறத்தைக் கண்டு உடலுள் நிகழ்வதை ஓரளவு உய்த்துணர முடிந்தது.

4. காலம் கூறும் செய்தி

இம்மாற்றத்தைத் தொடங்கிவைப்பது யாது? முதலில் தோன்றும் விடை, பகற்பொழுதின் நீளம். தில்லியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே மூன்றரை மணி நேரத்திற்கும் மேற்பட்ட வேறுபாடு உண்டு. கண்ணின் விழித்திரை ஒளியை உணர்ந்து மூளைக்குத் தெரிவிக்கிறது. இருள் நீடிக்குந்தோறும் பீனியல் சுரப்பி மெலட்டோனினை நெடுநேரம் சுரக்கிறது. அதன் கால அளவைக் கொண்டு உடல் ஆண்டின் எந்தப் பகுதி இது என்று அறிகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்கு ஆணையிட, பிட்யூட்டரி தன் இயக்குநீர்களை அனுப்ப, விந்தகம் விழித்தெழுகிறது. செம்முகக் குரங்கு பகல் குறுகும் காலத்தில் இனப்பெருக்கத்திற்கு ஆயத்தமாகும் இனம்.

இவ்விளக்கத்திற்கு வலுவான சான்று தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே பருவங்கள் தலைகீழாக அமையும். அங்கு வளர்ந்த செம்முகக் குரங்குகளைப் பற்றி பீலர்ட்டும் வாண்டன்பர்க்கும் 1981இல் வெளியிட்ட ஆய்வின்படி, குட்டி பிறக்கும் காலமும் கடுவன்களின் தோல் சிவக்கும் காலமும் வடக்கிலிருந்து ஏறத்தாழ ஆறு மாதம் பெயர்ந்திருந்தன. நாட்காட்டியின் மாதம் பொருட்டன்று. அவ்விடத்துப் பருவமே பொருட்டு என்பது இதனால் விளங்கிற்று.

ஆனால் ஒளி மட்டுமே காரணமா? ரிச்சர்ட் மைக்கேலும் பான்சாலும் அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஓர் ஆய்வு நிகழ்த்தி 1977இல் வெளியிட்டனர். ஆய்வுக்கூடத்தின் ஒளி நேரத்தையும் வெப்பத்தையும் மூன்று ஆண்டுகள் மாறாமல் வைத்திருந்தனர். பகல் குறுகவுமில்லை, நீளவுமில்லை. ஆயினும் கடுவன்களின் குருதியில் ஆண்மை இயக்குநீரின் அளவு ஆண்டுதோறும் உயர்ந்து தாழ்ந்தது. உடலுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் உண்டு என்பதை இது உணர்த்துகிறது. வெளியுலகின் ஒளி அக்கடிகாரத்தை ஓட வைப்பதில்லை. பருவத்தோடு பிசகாமல் ஒத்துப்போகும்படி நேரம் திருத்திவைக்கிறது.

மழையும் உணவும் இதில் பங்கு கொள்கின்றன. காயோ சாந்தியாகோவில் இணைசேரும் பருவத்தின் தொடக்கத்தை இளவேனில் மழையின் தொடக்கத்தோடு ஆய்வாளர்கள் தொடர்புபடுத்தினர். ஆக, காலம் என்று நாம் ஒரு சொல்லால் குறிப்பது ஒளி, மழை, தளிர், உள்ளுறைக் கடிகாரம் எனப் பலவற்றின் தொகுதி.

5. மந்தி கூறும் செய்தி

இதுவரை கூறியவற்றைக் கேட்போர், கடுவனின் பருவம் வானமும் உடலும் மட்டும் பேசிக்கொள்ளும் செய்தி என்று எண்ணக்கூடும். வாண்டன்பர்க் அவ்வாறு எண்ணவில்லை. அவர் 1969இல் வெளியிட்ட ஆய்வின் அமைப்பு எளியது. இணைசேராப் பருவத்தில், தோல் வெளிறி ஆர்வமற்றிருந்த கடுவன்களிடையே, ஈஸ்ட்ரோஜன் செலுத்தி இணைசேரும் நிலைக்குக் கொணரப்பட்ட மந்திகள் விடப்பட்டன. காலம் மாறவில்லை, பகலின் நீளம் மாறவில்லை. மந்தியின் நிலை ஒன்றே மாறியது. கடுவன்களின் தோல் சிவந்தது. அவை இணைசேரத் தொடங்கின.

கூண்டில் நிகழ்ந்தது வெளியிலும் நிகழுமா என்பது அடுத்த வினா. வாண்டன்பர்க்கும் லீ டிரிக்கமரும் புவெர்ட்டோ ரிக்கோவின் தென்மேற்குக் கரையில் உள்ள லா பார்கேராவில், திறந்த வெளியில் வாழ்ந்த கூட்டத்தில் இதனைச் செய்து பார்த்து 1974இல் எழுதினர். அங்கும் பருவமல்லாப் பருவத்தில் மந்திகள் சிலவற்றை ஈஸ்ட்ரோஜனால் மாற்றியபோது கடுவன்கள் சிவந்தன, இணைசேர்ந்தன. ஊசி போட்டது மந்திக்கு. மாறியது கடுவனின் உடல். இடையில் சென்றது மருந்தன்று. மந்தியின் தோற்றமும் நடத்தையும் மணமும் ஏந்திச் சென்ற செய்தி.

இதே காலத்தில் அட்லாண்டாவிலுள்ள எர்க்ஸ் குரங்கின ஆய்வு நிலையத்தில் தாமஸ் கார்டனும் இர்வின் பெர்ன்ஸ்டைனும் வேறொரு வழியில் சென்றனர். அவர்களது ஆய்வு 1973இல் வெளிவந்தது. கடுவன்கள் மட்டுமே அடங்கிய இரு கூட்டங்களை அவர்கள் ஒப்பிட்டனர். ஒரு கூட்டம் மந்திகளும் கடுவன்களும் கலந்து வாழும் கூட்டங்களுக்கு அருகில் இருந்தது. தொட இயலாது, ஆயினும் காணவும் கேட்கவும் முகரவும் இயலும். மற்றொரு கூட்டம் அவ்வாறின்றித் தனித்திருந்தது. முதற்கூட்டத்துக் கடுவன்களின் பாலியல் நடத்தை கலப்புக் கூட்டங்களின் பருவத்தோடு ஒத்து ஏறி இறங்கியது. தனித்திருந்த கூட்டத்தில் அத்தகைய பருவ வேறுபாடு புலப்படவில்லை.

இவ்விடத்தில் மாணவர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கார்டனும் பெர்ன்ஸ்டைனும் இங்கு அளந்தது நடத்தையை. மைக்கேலும் பான்சாலும் அளந்தது குருதியிலுள்ள இயக்குநீரை. ஆகவே இரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. உள்ளுறைக் கடிகாரம் கடுவனை ஆயத்த நிலைக்குக் கொணரலாம். அந்த ஆயத்தம் செயலாக மலர மந்திகளின் அண்மை தேவைப்படலாம். ஒன்று உலை வைப்பது. மற்றொன்று அடுப்பை மூட்டுவது. இரண்டும் நிகழ்ந்தால்தான் சோறு வேகும்.

6. தலைமையும் தோல்வியும்

மந்திகளின் செல்வாக்கு இவ்வாறிருக்க, கடுவன்களுக்கு இடையிலான உறவும் உடலை மாற்றுமா? என் திருத்தத்தில் தப்பிய அந்த வாக்கியத்திற்கு நேரே தொடர்புடைய வினா இது.

இராபர்ட் ரோஸ், ஜான் ஹாலடே, பெர்ன்ஸ்டைன் ஆகியோர் 1971இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 34 கடுவன்கள் கொண்ட கூட்டத்தில் எது எதற்கு வழிவிடுகிறது, எது எதனை விரட்டுகிறது என்று நோக்கித் தரவரிசையை வகுத்தனர். பின்னர்க் குருதியை ஆராய்ந்தனர். வரிசையின் மேற்பகுதியில் இருந்தவற்றின் டெஸ்டோஸ்டிரோன் அளவு உயர்ந்திருந்தது. செய்தியைக் கேட்ட பலர், “இயக்குநீர் மிக்கவன் தலைவனாகிறான்” என்று முடிவு கட்டினர். நான் ஒப்பமிட்ட வாக்கியம் அந்த முடிவின் பேரப்பிள்ளை.

ஆனால் அவ்வாய்வு காட்டியது இரண்டும் உடன் நிகழ்கின்றன என்பதையே. எது முன், எது பின் என்பதை அது கூறவில்லை. அதனை அறிய ரோஸ், கார்டன், பெர்ன்ஸ்டைன் ஆகியோர் மறு ஆண்டே வேறோர் ஆய்வை வெளியிட்டனர். நான்கு கடுவன்களை ஒவ்வொன்றாக மந்திகளின் கூட்டத்தில் விட்டனர். தடையின்றிப் பழகவும் இணைசேரவும் வாய்ப்புக் கிட்டிய அவற்றின் டெஸ்டோஸ்டிரோன் அளவு வெகுவாக உயர்ந்தது. அதே கடுவன்கள், ஏற்கெனவே நிலைபெற்ற கடுவன் கூட்டத்தில் நுழைய நேர்ந்து தாக்குண்டு முற்றாகத் தோற்றபோது அவ்வளவு வீழ்ந்தது. அவற்றுள் இரண்டை மீண்டும் மந்திகளிடம் விட, மீண்டும் உயர்ந்தது.

உடல் ஒன்றே, விலங்கு ஒன்றே. சூழ்ந்திருந்த கூட்டம் மாற, குருதியும் மாறியது. “டெஸ்டோஸ்டிரோன் கூடுவதால் தலைமை” என்ற வாக்கியம் மட்டுமே உண்மையாயின் இம்முடிவு கிட்டியிராது. “தோற்றதால் குறைந்தது, சேர்ந்ததால் கூடியது” என்றும் எழுத வேண்டியுள்ளது. ஏதுவின் அம்பு இருபுறமும் பாய்கிறது.

பின்னர் வந்த ஆய்வுகள் மேலும் ஒரு திருத்தத்தை வழங்கின. தரவரிசை நிலைபெற்று அமைதி நிலவும் கூட்டங்களில் தலைமைக்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் நேர்த்தொடர்பு எப்போதும் காணப்படுவதில்லை. கென்யாவில் பபூன் குரங்குகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த இராபர்ட் சபோல்ஸ்கி, வரிசை குலைந்து போட்டி மூளும் காலத்தில் தென்படும் தொடர்பு, அமைதிக் காலத்தில் தென்படுவதில்லை என்று காட்டினார். பறவைகளை ஆராய்ந்த ஜான் விங்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் 1990இல் இதனையொத்த கருத்தைப் பொதுக் கோட்பாடாகவே வகுத்தனர். பருவம் இயக்குநீரை ஓர் அடிநிலைக்கு உயர்த்துகிறது; போட்டியும் அறைகூவலும் எழும்போது அது மேலும் உயர்கிறது; அறைகூவல் இல்லாதபோது தணிகிறது என்பது அதன் சாரம்.

இளங்கடுவன்களிடத்திலும் கூட்டத்தின் கை தெரிகிறது. செம்முகக் குரங்குகளில் குட்டியின் தரவரிசை தாயின் தரவரிசையைப் பின்பற்றும். ஃபிரெட் பெர்கோவிச் 1993இல் வெளியிட்ட ஆய்வின்படி, பருவமெய்தும் வயதில் தரவரிசையில் உயர்ந்த இளங்கடுவன்களின் விந்தகங்கள், ஒத்த வயதினவாய்த் தாழ்நிலையில் இருந்தவற்றினுடையவற்றைவிடப் பெரியவாக இருந்தன. தாயின் சமூக நிலை மகனின் உடல் முதிரும் வேகத்திலும் புலனாகிறது.

7. நம் ஊர்க் கெரா

இவ்வளவும் வடக்கத்திக் குரங்கின் கதை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் நாள்தோறும் காண்பது வேறோர் இனம். பத்துமலைப் படிகளிலும் புக்கிட் தீமா காட்டோரத்திலும் நம் கைப்பையை உற்றுநோக்கும் அக்குரங்கை மலாய்மொழியில் கெரா என்பர். தமிழில் நீண்டவால் குரங்கு எனலாம். செம்முகக் குரங்கிற்கு இது நெருங்கிய உறவினம்.

ஆயினும் கெராவுக்குக் கண்டிப்பான இணைசேர் பருவம் கிடையாது. ஆண்டின் எந்த மாதத்திலும் குட்டி பிறக்கக்கூடும். இடத்திற்கு இடம், கனிகளின் வளத்திற்கேற்பச் சில மாதங்களில் பிறப்பு மிகும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாடுகளில் பகலின் நீளம் மாறுவது மிகக் குறைவு. சிங்கப்பூரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே பத்து நிமிட அளவு வேறுபாடே உண்டு. கோலாலம்பூரில் அரைமணி நேரத்திற்கும் குறைவு. செம்முகக் குரங்கிற்கு வானம் உரக்கக் கூறும் செய்தியை இங்கு அது முணுமுணுக்கிறது. அத்தகைய இடத்தில் உணவும் கூட்டமும் கூறும் செய்திகளுக்கு மதிப்பு மிகுதல் இயல்பே.

இதற்கு மறுகோடியில் நிற்பது ஜப்பானியக் குரங்கு. பனிபொழியும் நாட்டில் வாழும் அது இலையுதிர் காலத்தில் இணைசேர்ந்து, இளவேனில் முதல் கோடை வரை குட்டி ஈனும். அதன் சிவந்த முகம் இணைசேரும் பருவத்தில் மேலும் சிவக்கும். ஒரே பேரினத்தைச் சேர்ந்த மூன்று குரங்குகள். ஒன்று பனியிலும் ஒன்று மிதவெப்பத்திலும் ஒன்று மாறா வெயிலிலும் வாழ்கின்றன. காலத்தின் பிடி ஒவ்வோரிடத்தும் ஒவ்வோர் அளவில் இறுகியும் தளர்ந்தும் இருப்பதை இவ்வொப்பீடு எளிதில் விளக்கும்.

8. வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் இதனைக் கற்பிக்கும்போது இரு எச்சரிக்கைகள் தேவை.

முதலாவது, குரங்கிலிருந்து மனிதனுக்குத் தாவுதல். நமக்கு இணைசேர் பருவம் இல்லை. நம் உறவுகளை மொழியும் அறமும் சட்டமும் நெறிப்படுத்துகின்றன. “ஹார்மோன் அப்படிச் செய்யவைக்கிறது, பையன்கள் அப்படித்தான்” என்று பெரியோர் கூறுவதை நம் மாணவர்கள் கேட்டிருப்பர். குரங்குக்குக்கூட அவ்வாக்கியம் பாதி உண்மைதான். கடுவனின் குருதியே சுற்றியுள்ளவை அதனை நடத்தும் முறைக்கேற்ப மாறுமாயின், இயக்குநீரைச் சாக்காகக் கொண்டு ஒரு மாணவனின் நடத்தையை விதியென்று விட்டுவிடுதல் அறிவியலாகாது. அவனைச் சூழ்ந்துள்ள கூட்டத்தையும் நாம் நோக்க வேண்டும். அக்கூட்டத்தில் ஆசிரியரும் ஒருவர்.

இரண்டாவது, மொழியின் பொறுப்பு. தமிழில் தன்வினையும் பிறவினையும் ஒலியளவில் நெருங்கி நிற்பவை. ‘பெருகு’ என்றால் தானே நிகழ்வது. ‘பெருக்கு’ என்றால் ஒருவர் நிகழ்த்துவது. ‘திருந்து, திருத்து’ என்பதும் அத்தகையதே. “பருவத்தில் இயக்குநீர் பெருகுகிறது” என்று எழுதினால், நிகழ்ந்ததைச் சொல்கிறோம். நிகழ்த்தியது யாதென்று சொல்லவில்லை. “பகல் குறுகுதல் இயக்குநீரைப் பெருக்குகிறது”, “மந்தியின் அண்மை இயக்குநீரைப் பெருக்குகிறது” என்று எழுதினால், ஏதுவைச் சுட்டுகிறோம். சுட்டியதற்குச் சான்று காட்டும் கடமையும் உடன் வருகிறது. இரண்டு நிகழ்வுகள் உடன் காணப்படுகின்றன என்பது மட்டுமே தெரியுமாயின், ‘ஆல்’ உருபைத் தவிர்த்து, ‘இது மிகும்போது அதுவும் மிகுகிறது’ என்று எழுதுவதே நேர்மை.

மாணவர்க்கு ஒரு பயிற்சியும் அளிக்கலாம். மேலே கூறிய ஆய்வுகள் ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். எதில் ஆய்வாளர் தாமே ஒன்றை மாற்றிப் பார்த்தார், எதில் உள்ளதை அளந்து மட்டும் பார்த்தார் என்று பிரிக்கச் சொல்லுங்கள். 1971ஆம் ஆண்டு ஆய்வு அளந்தது. 1972ஆம் ஆண்டு ஆய்வு மாற்றிப் பார்த்தது. முன்னதற்கு ‘போது’, பின்னதற்கு ‘ஆல்’. அறிவியல் பாடமும் இலக்கணப் பாடமும் ஒரே மேசையில் அமரும் அரிய இடம் அது.

9. முடிவுரை

கடுவனின் பருவத்தைக் கொணர்வது காலமா, கூட்டமா என்ற வினாவோடு தொடங்கினோம். காலம் எல்லையை வகுக்கிறது. ஒளியும் மழையும் உள்ளுறைக் கடிகாரமும் கடுவனை ஆயத்தம் செய்கின்றன. அவ்வெல்லைக்குள் எப்போது, எந்த அளவில், எந்தக் கடுவனுக்கு அப்பருவம் முழுமையாக வாய்க்கும் என்பதில் மந்திகளுக்கும் பிற கடுவன்களுக்கும் பங்கு உண்டு. செயற்கையாகச் சிலவற்றை மாற்றினால் எல்லையையே சற்று நகர்த்தவும் கூட்டத்தால் இயலும் என்பதை லா பார்கேரா காட்டிற்று.

அந்தத் துணைநூல் மறுபதிப்புக்கு வந்தபோது வாக்கியத்தை மாற்றி எழுதிக் கொடுத்தேன்: “ஆண் குரங்கின் டெஸ்டோஸ்டிரோன் அளவு பருவத்திற்கேற்ப மாறுகிறது, கூட்டத்தில் அது பெறும் வெற்றியும் தோல்வியும் பெண் குரங்குகளின் அண்மையும் அவ்வளவை மாற்றுகின்றன.” முன்னதைவிட நீண்ட வாக்கியம்தான். பக்கத்தில் இடம் போதவில்லை என்று அச்சகத்தார் குறைபட்டனர். அருகிலிருந்த படத்தைச் சற்றுச் சிறிதாக்கி இடம் பண்ணிக்கொண்டோம்.